எங்கள் பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிப்பது தராசுதான்

போன மாதம் எங்கள் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் போசாக்குக் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு ஐயா சுவரில் படம் ஒட்டி விளக்கம் சொன்னார். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் மேலுணவு. அதோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதும் நமது சுகாதார அமைச்சு சொல்வதும் அதுதான்.

கடைசியில்தான் அவருக்கு வாய் நீண்டது. "தோட்டத்து அம்மாமாருக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது. மூன்று மாதத்திலேயே தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்து ஊட்டிவிடுவீர்கள். பிறகு பிள்ளை வளரவில்லை என்று அரசாங்கத்தைக் குறை சொல்வீர்கள்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன் வரிசையில் இருந்த தாய்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தை வைத்தது பகல் சாப்பாட்டு நேரத்தில். வேலை நேரம் வீணாகக் கூடாது என்று நிருவாகம் அப்படி ஏற்பாடு செய்திருந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு தங்கச்சிக்கு நாலு மாதப் பிள்ளை. அதே கட்டடத்தில், அடுத்த அறையில், தொட்டிலில் கிடந்தது. ஐயா பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. கூட்டம் முடிந்தபோது சாப்பாட்டு நேரமும் முடிந்திருந்தது. கங்காணி வெளியிலிருந்து சத்தம் போட்டார். சட்டை நனைந்திருக்க, படங்கை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் மலைக்கு ஏறினாள். தாய்ப்பாலின் அருமையைக் கேட்ட அன்றைக்கு அவளுடைய பிள்ளைக்குப் பகல் பால் இல்லை.

அன்று அந்த ஐயாவுக்குப் பதில் சொல்லாமல் நானும் இருந்துவிட்டேன். அதை இங்கே சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த ஐயாவைப் போலத்தான் பேசினேன். ஆசிரியையாகி முதல் இரண்டு மூன்று வருடம், பெற்றோர் கூட்டம் வைத்தால், மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரை எழுப்பி நிற்கவைத்து, "என்ன சாப்பாடு கொடுத்து வளர்த்தீங்க?" என்று கேட்டிருக்கிறேன். லயத்தில் பிறந்து, பிள்ளைக்காம்பராவில் வளர்ந்து, கொழுந்துக் காசில் படித்தவள் நான். நாலு எழுத்துப் படித்ததும் எங்கள் சனத்தையே அதட்டிப் பேச எனக்கு வாய் வந்தது.

அந்த வாயை அடைத்தவள் என் தம்பி பெண்சாதி. எனக்கும் அவளுக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. ஒரே வைத்தியசாலை, ஒரே மருத்துவிச்சி, ஒரே அறிவுரை, ஒரே மாதிரிப் பதிவுப் புத்தகம். நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. எனக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு. சனி, ஞாயிறு, போயா எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. அது முடிந்ததும் அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாள் எடுக்கலாம். எடுத்தேன். பிள்ளைக்கு 6 மாதம் தாண்டும் வரை வீட்டில் இருந்து பால் கொடுத்தேன்.

தம்பி பெண்சாதிக்குச் சட்டம் வேறு. 12 வாரம். பிள்ளை பிறக்க முன் 2 வாரம், பிறந்த பின் 10 வாரம். சம்பளத்தில் 7இல் 6 பங்கு. 70 நாள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையை எடுத்தாள். அவளைப் போட்ட மலை பிள்ளைக்காம்பராவிலிருந்து இறங்க 20 நிமிடம், ஏற 25 நிமிடம். முதல் கிழமை அவள் இரண்டு தரம் இறங்கி வந்தாள். பின்னேரத் தராசில் கிலோ குறைந்தது. அரைப்பேர் போட்டார்கள். மறுகிழமை ஒரு தரம்தான் இறங்கினாள். பிறகு அதுவும் சில நாள் இல்லை. மார்பு கட்டி வலி தாங்க முடியாமல், நிறையில் குனிந்து நின்று பாலைத் தேயிலைத் தூரில் பீச்சிவிட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தாள். இதை அவள் எனக்குச் சொன்னது ஒரு வருடம் கழித்து. அதுவும் சிரித்துக்கொண்டு, "பாதிப் பால் தேயிலைக்குத்தான் போச்சு மதினி" என்று.

பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். மார்பில் தேங்கி நின்றால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் மருத்துவிச்சி அம்மாவும் சொல்கிறார். ஒரு நாளில் 9 மணித்தியாலம் பிள்ளையை விட்டுப் பிரிந்து நிற்கிற தாய்க்குப் பால் வற்றுவதற்கு அறியாமை எதுவும் தேவையில்லை. நாலாம் மாதம் முடிவதற்குள் தம்பி பெண்சாதிக்குப் பால் போதாமல் போய்விட்டது. பிள்ளைக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தது என்னுடைய அம்மா. நான் சத்தம் போட்டேன். 30 வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த என் அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்டது: "நீ சம்பளத்தோட வீட்டுல இருந்து பால் குடுத்த. அவளுக்கு யாருடி சம்பளம் குடுத்தா?"

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைத் தேடிப் போனபோதுதான் சட்டத்தைப் படித்தேன். படித்த பிறகு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால், அன்று மலையிலிருந்து இறங்கி வந்ததற்காகத் தம்பி பெண்சாதிக்குப் போட்டார்களே அரைப்பேர், அவள் இறங்கி வந்தது சலுகை கேட்டு அல்ல. அது அவளுடைய உரிமை.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. 1 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, 9 மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். எந்த நேரத்தில் என்பதைத் தீர்மானிப்பது தாயின் தேவை. கங்காணியின் வசதி அல்ல. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. பகல் 12 மணிக்கு எல்லோரும் சோறு தின்னப் போகும்போது நீயும் போய்ப் பால் கொடு என்பது பாலூட்டும் இடைவேளை ஆகாது. அது தாயின் சோற்று நேரத்தைப் பறிப்பது.

இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் தோட்டத்தில் காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, பேர் குறையாமல் இறங்கி வந்து பால் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நான் போன வருடத்திலிருந்து போகிற இடமெல்லாம் இதைக் கேட்டு வருகிறேன். பல இடங்களில் "அப்படியும் ஒன்று இருக்கா டீச்சர்?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். நம் பாட்டிமார் காலத்துச் சட்டத்தில் உள்ள உரிமை நம் பேத்திகளுக்கு இன்னும் புதினமாக இருக்கிறது.

நிருவாகத்தின் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள்தான் சிறுவர் அபிவிருத்தி நிலையம் கட்டித் தந்திருக்கிறோமே. பெயிண்ட் அடித்திருக்கிறோம், தொட்டில் போட்டிருக்கிறோம், பயிற்சி பெற்ற பொறுப்பாளர் இருக்கிறார்." உண்மை. பழைய பிள்ளை மடுவத்தில் வாங்கும் பலகையும் இல்லாமல் கிடந்த காலத்தை நினைத்தால் இப்போது இருப்பது எவ்வளவோ மேல். அங்கே வேலை செய்கிற பெண்களும் நம் சகோதரிகள்தான். இருபது முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். குறை அவர்களிடம் இல்லை. ஆனால் அரை மணித்தியாலம் என்று சட்டம் சொல்வது, பிள்ளைக்காம்பரா எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தில். இறங்க 20, ஏற 25 என்றால் அந்த அரை மணித்தியாலத்துக்குள் தாய் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. எட்டாத இடத்தில் உள்ள பிள்ளைக்காம்பரா அந்தத் தாயைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமன். ஆகவே அவளுக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். அல்லது பால் கொடுக்கும் தாய்மாரைப் பிள்ளை ஒரு வயதாகும் வரை கிட்டத்து மலையில் போடுங்கள். பெரட்டில் பேர் வாசிக்கும்போது ஏழெட்டுப் பேரை வேறு மலைக்கு மாற்றுவதற்கு ஒரு சதம் செலவில்லை. கணக்கப்பிள்ளைக்கு மனசு இருந்தால் போதும். மனசு இல்லாவிட்டால் சங்கம் இருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான பூட்டு கிலோவில்தான் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. துரை பெரிய மனசு வைத்து, "போ, பால் கொடுத்துவிட்டு வா" என்று சொன்னாலும், பின்னேரம் தராசில் அதே 18 கிலோ கேட்டால் அந்த இடைவேளை பொய். அவளே போகமாட்டாள். தடுத்தது யார் என்று கேட்டால், "நாங்கள் தடுக்கவில்லை, அவள்தான் போகவில்லை" என்று நிருவாகம் கையை விரிக்கும். அதைத்தான் வெளியிலிருந்து வருகிற ஐயாமார் தாயின் விருப்பம் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

கணக்கைச் செய்து பார்ப்போம். காலை 7.30 முதல் பின்னேரம் 4.30 வரை, சாப்பாட்டு நேரம் போக 8 மணித்தியாலம். அதற்கு 18 கிலோ. இரண்டு அரை மணித்தியால இடைவேளை என்றால் 1 மணித்தியாலம் குறைகிறது. அவள் வேலை செய்வது 7 மணித்தியாலம். அதற்குரிய கொழுந்து 15 கிலோ 750 கிராம். இரண்டு ஒரு மணித்தியால இடைவேளை என்றால் 13 கிலோ 500 கிராம். இதற்கு மேல் கேட்பது, பால் கொடுத்த நேரத்துக்கும் கொழுந்து கேட்பது. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்கிற கணக்கு இது. கம்பனிக் கணக்காளருக்குத் தெரியாமல் இருக்காது.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயத்தை நமது நாடு 1993இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பாலூட்டும் இடைவேளை சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தால் அது வேலை நேரமாகவே கணிக்கப்பட்டு, அதற்குரிய சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. நமது நாட்டில் அது சட்டத்தில்தான் இருக்கிறது. பால் கொடுக்கும் நேரம் வேலை நேரம் என்றால், அந்த நேரத்துக்காக எவளுடைய பேரையும் பாதியாக வெட்ட முடியாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இந்தச் செய்தித்தாள் சங்கத்தின் செய்தித்தாள். அதனால் இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன்.

சம்பளத்துக்காக நாம் எத்தனை போராட்டம் செய்திருக்கிறோம்! 1000 ரூபாய்க்கு நின்றோம். 2021இல் சம்பளச் சபை மூலம் கிடைத்தது. அதற்குப் பிறகு 2024இல் 1350 ரூபாய். வீதியில் நின்ற கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். சந்தாவிலும் அப்படித்தான். ஆனால் கூட்டு ஒப்பந்தம் பேசப் போன காலத்திலும் சரி, சம்பளச் சபைக்குப் போகிற காலத்திலும் சரி, பாலூட்டும் தாயின் கிலோ எவ்வளவு என்று மேசையில் வைத்துப் பேசிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் தோட்டக் கமிட்டியில் நான் இதை முதல் தரம் எடுத்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் டீச்சர், மாதர் சங்கத்தில பேசிக்குங்க" என்றார். அந்த அண்ணன் கெட்டவர் அல்ல. ஒருவருக்கு அரைப்பேர் போட்டால் ஒபிசுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் போட்ட அரைப்பேர் அவர் கண்ணுக்கு அரைப்பேராகப் படவில்லை. அவருடைய மகளுக்கு மார்கழியில் பிள்ளை பிறந்தது. இப்போது அவரே கேட்கிறார், "அந்தக் கடிதத்தை எப்படி எழுதுறது?" என்று. நல்லது, அண்ணே. பிந்தினாலும் பரவாயில்லை.

அந்த ஐயா சொன்ன தேத்தண்ணி விசயத்துக்கு வருகிறேன். அவர் அதட்டினார் என்பதற்காகத் தேத்தண்ணி நல்லதாகிவிடாது. சாயம் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கைப்பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். இரத்தம் குறைந்த தாயும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடிக்காமல் இருப்பது நல்லது. 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் ஏறக்குறைய 32 பேர். இது நம் பிள்ளைகளின் கணக்கு. அதை மறைத்துவிட்டு நான் சண்டைக்கு நிற்கவில்லை.

பால்மா விசயமும் அப்படித்தான். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பால்மாவை விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சபை 1981இல் ஒரு கோவையை நிறைவேற்றியது. நமது நாட்டிலும் அதற்கான ஒழுங்குவிதி இருக்கிறது. அதனால் கடைச் சுவரில் கொழுகொழுப் பிள்ளையின் படம் போட்டு விற்க முடியாது. நல்ல விசயம். ஆனால் லயத்துக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. பால் வற்றிய பிறகு தாய்க்கு வேறு வழியில்லை. டின் தானாக வந்துவிடுகிறது. குழந்தைக்கென்று உள்ள டின்னை வாங்க முடியாதவர்கள் பெரியவர்கள் குடிக்கும் பால்மாப் பைக்கற்றைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். 1 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது ஏற்றதல்ல. வாங்கியதும் சம்பள நாள் வரை வர வேண்டும் என்று மூன்று கரண்டிக்குப் பதில் ஒன்றரைக் கரண்டி போடுகிறார்கள். போத்தல் கழுவுவது குழாயடித் தண்ணீரில். பிறகு வயிற்றோட்டம், ஜீவனி, வைத்தியசாலை வாட்டு. வாட்டில் இருக்கும் நாளுக்குத் தாய்க்குப் பேர் இல்லை. பால்மாவுக்கு நாட்டில் வரிசை நின்ற காலத்தில் நம் தாய்மார் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயால், இரட்டைப் பிள்ளையால், வேறு காரணத்தால் பால் கொடுக்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள். டின் கொடுத்து வளர்த்த தாய் யாரும் தலைகுனியத் தேவையில்லை. வைத்தியர், மருத்துவிச்சி சொன்ன அளவில், கொதித்த தண்ணீரில், போத்தலை விடக் கோப்பையிலும் கரண்டியிலும் கொடுத்தால் பிள்ளை வளரும். லயத்தில் ஒருத்தியை ஒருத்தி "பால் இல்லாதவ" என்று பேசுவதை முதலில் நிறுத்துங்கள். அப்படிப் பேசுவது நிருவாகத்துக்குத்தான் உதவும்.

வெயிலில் நின்று வந்தால் பால் சூடேறிவிடும், மழையில் நனைந்து வந்தால் பால் குளிர்ந்து பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நான் பாட்டிமாரை மதிக்கிறவள்தான். ஆனால் மார்பில் உள்ள பால் வெயிலிலும் கெடாது, மழையிலும் கெடாது. வந்ததும் கையைக் கழுவிவிட்டு, ஈரத்துணியை மாற்றிக்கொண்டு கொடுங்கள். காலையில் பீச்சி, சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்த பால் நாலு மணித்தியாலம் வரை நிழலில் அப்படியே இருக்கும். பிள்ளைக்காம்பராவில் கரண்டியால் கொடுக்கச் சொல்லலாம். சில இடங்களில் பொறுப்பாளர் சகோதரிகள் விருப்பமாகச் செய்கிறார்கள். ஆனால் இதைக் காட்டி நிருவாகம் இடைவேளையை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

பால் மறக்கடிப்பது என்பது ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து, தன் உடம்பைப் பார்த்து, ஆறுதலாக எடுக்க வேண்டிய முடிவு. ஆறு மாதம் முடிந்ததும் குழைய வடித்த சோற்றில் பருப்பு மசித்து, ஒரு கிழமை கழித்துக் கீரை, பிறகு முட்டை, முள் எடுத்த மீன், வறுத்து இடித்த நெத்தலித் தூள் என்று ஒவ்வொன்றாகப் பழக்கி, பாலையும் கொடுத்துக்கொண்டே வந்தால், இரண்டு வயதுக்குப் பிறகு பிள்ளை தானாகவே பாதி மறந்திருக்கும். அப்போது பகல் பாலை முதலில் நிறுத்தி, சில நாள் விட்டு அடுத்ததை நிறுத்தி, இரவுப் பாலைக் கடைசியாக நிறுத்தலாம். தாய்க்கும் மார்பு கட்டாது, பிள்ளைக்கும் ஏக்கம் வராது. நம் லயங்களில் நடப்பது என்ன? பேர் போடத் தொடங்கியதும் ஒரே நாளில் கசப்பைத் தடவி மறக்கடிக்கிறார்கள். அல்லது பிள்ளையை அடுத்த தோட்டத்துப் பாட்டி வீட்டுக்கு ஒரு கிழமை அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை அங்கே அழுகிறது, தாய் இங்கே காய்ச்சலோடு பிரட்டுக்குப் போகிறாள். இது எந்தத் தாய் ஆசைப்பட்டு எடுத்த முடிவு?

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் பாருங்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறிப் போன நம் சனம் நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். அக்காவும் தங்கச்சியும் பிரிந்து போன குடும்பங்கள் எங்கள் டிவிசனிலேயே இருக்கின்றன. இந்தியாவில் 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 26 வாரம் சம்பளத்துடன் லீவு என்று ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தில் தோட்டமும் அடங்கும். 26 வாரம் என்றால் 6 மாதம். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் அங்கே போன தங்கச்சியின் பேத்திக்கு 26 வாரம், இங்கே நின்ற அக்காவின் பேத்திக்கு 12 வாரம். 2018இல் நம் சட்டத்தைத் திருத்தியபோது, மூன்றாம் பிள்ளைக்கு 6 வாரம்தான் என்ற அநியாயத்தை நீக்கி எல்லாப் பிள்ளைக்கும் 12 வாரம் ஆக்கினார்கள். அது நல்லது. ஆனால் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சொல்லும் அதே அரசாங்கம், தன் பாடசாலையில் வேலை செய்யும் எனக்கு ஒரு கணக்கும், பாடசாலைக்கு மேலே உள்ள மலையில் நிற்கும் என் தம்பி பெண்சாதிக்கு வேறு கணக்கும் வைத்திருப்பது ஏன்? நான் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் பசியா?

இன்னொரு ஆபத்து வந்துகொண்டிருக்கிறது. பல இடங்களில் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பத்துக்குக் கொடுத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் காசு தரும் முறையைக் கொண்டுவருகிறார்கள். கைக்காசு வேலையும் கூடிக்கொண்டு போகிறது. சில குடும்பங்களுக்கு அதில் கையில் கூடுதலாக வருவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்து வைக்க முன் ஒன்றைக் கேளுங்கள்: செக்ரோலில் பேர் இல்லாதவளுக்குப் பிள்ளை பிறந்தால் 12 வாரச் சம்பளம் யார் தருவது? பாலூட்டும் இடைவேளையை யாரிடம் கேட்பது? "நீ எங்கள் தொழிலாளி இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். லீவுச் சம்பளத்துக்கு, அதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இளம் பெண்கள் பேர் கணக்கைத் தாங்களே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். செக்ரோலை மட்டும் நம்பாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு தாயும், திரும்புவதற்கு முதல் கிழமையே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பிள்ளை பிறந்த திகதி, வேலைக்கு வரும் திகதி, பாலூட்டும் இடைவேளை வேண்டும் நேரம் இரண்டு, கிட்டத்து மலையில் வேலை வேண்டும் என்ற கோரிக்கை, அந்த நேரத்துக்குரிய கிலோவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும் என்ற வரி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஒபிசில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரைப்பேர் போட்டால் அந்த நாளையும் கிலோவையும் குறித்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். தலைவர் அதைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும், அங்கிருந்து தொழில் திணைக்களத்துக்கும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாத தலைவரைப் பற்றி எனக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் இந்தச் செய்தித்தாளில் கேட்கிறேன்.

எங்கள் டிவிசனில் 1 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு வேலைக்குப் போகிற தாய்மார் 7 பேர். ஏழு கடிதமும் எழுதி முடித்தாகிவிட்டது. சம்பள நாளுக்கு மறுநாள் காலையில், பிரட்டு முடிந்ததும், எல்லோரும் ஒன்றாக ஒபிசுக்குப் போகிறோம். அந்த அண்ணனும் வருகிறார். போசாக்குக் கூட்டத்திலிருந்து பால் கொடுக்காமல் மலைக்கு ஏறிய தங்கச்சிதான் முதல் கையெழுத்து. எழுதும்போது, நேரம் போட வேண்டிய இடத்தில் நான் பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தேன். "நானே சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டாள். பேனையை அவளிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலை 9.30, பின்னேரம் 2.30 என்று எழுதினாள்.